பூச்சூடிய வீரரும் பூ வரைந்த பெண்டிரும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில், வெள்ளி நீர்வீழ்ச்சியைக் கடந்து மேலே செல்வோரை, நகரை எட்டுவதற்குச் சற்று முன்பாகச் செண்பகனூர் எதிர்கொள்கிறது. ஊரின் பெயரிலேயே பூ மணக்கிறது. பழனி மலையின் சோலைக் காடுகளில் இன்றும் காட்டுச் செண்பகம் பூக்கிறது. குறிஞ்சி நிலத்துப் பூக்களைக் கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும்போது, அந்தத் தொண்ணூற்றொன்பது பூக்களில் ஒன்றாகச் சண்பகத்துக்கும் இடம் தந்திருக்கிறார்.

இந்தச் சிற்றூருக்குத் தாவரவியல் வரலாற்றில் ஒரு தனியிடம் உண்டு. 1895ஆம் ஆண்டில் இயேசு சபைப் பாதிரியார்கள் இங்கே திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். குருமாணவர்களுக்கென்று எழுந்த அந்த நிலையத்தோடு இயற்கைப் பொருட்காட்சியகம் ஒன்றும் வளர்ந்தது. மலையிலுள்ள செடி கொடிகள், பறவைகள், பூச்சிகள் ஆகியவற்றைத் திரட்டிப் பாதுகாப்பதில் அங்கிருந்த துறவியர் சிலர் தம் வாழ்நாளையே செலவிட்டனர். அவர்களுள் ஒருவர் ஆங்க்லேட் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். பழனி மலையின் கல்திட்டைகளைப் பற்றி அவர் நியூட்டன் என்பாருடன் சேர்ந்து எழுதிய ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அதே ஆங்க்லேட், மலைப்பூக்களைத் தேடி அலைந்து, அவற்றை நீர்வண்ணத்தில் ஓவியங்களாகத் தீட்டியவரும் ஆவார். இன்று செண்பகனூரிலுள்ள இயற்கை வரலாற்று நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே மலையில், ஏறத்தாழ அதே காலத்தில், அதே பூக்களை வரைந்த இன்னொரு கையும் உண்டு. அது ஒரு பெண்மணியின் கை. சென்னை மாநிலக் கல்லூரியில் உயிரியல் பேராசிரியராயிருந்த ஆல்ஃபிரட் கிப்ஸ் போர்னும் அவர் துணைவியார் எமிலியும் கொடைக்கானலைச் சுற்றிச் செடிகளைத் திரட்டினர். அம்மையார் அவற்றை வரைந்தார். அக்கல்லூரியின் தாவரவியல் பேராசிரியரான ஃபைசன், நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி 1915இல் வெளியிடத் தொடங்கிய பெருநூலில், எமிலி அம்மையாரின் வரைபடங்கள் பலவும், ஃபைசனின் மனைவி டயானா ரூத் வரைந்தவையும் இடம்பெற்றன. நூலாசிரியர் என நின்றது ஃபைசன் ஒருவரின் பெயர்தான். எமிலி என்ற பெயரை அறிந்தவர் சிலரே. கணவரின் பட்டத்தை ஒட்டிய ‘லேடி போர்ன்’ என்பதாகவே அவர் பெரிதும் அறியப்படுகிறார்.

ஒரே மலை, ஒரே பூ, ஒரே தூரிகை வேலை. ஆயினும் பாதிரியார் வரைந்தால் அது ஆராய்ச்சி. பேராசிரியரின் மனைவி வரைந்தால் அது பெருங்குடிப் பெண்களுக்குரிய நயமான பொழுதுபோக்கு. அக்கால ஆங்கிலச் சமுதாயம் இவ்வாறுதான் இவ்விரண்டையும் தரம் பிரித்தது. ஆணுக்கு அழகு எது, பெண்ணுக்கு அழகு எது என்று சமுதாயம் கோடு கிழிக்கும் முறையை இந்தப் பூக்களைக் கொண்டே நாம் ஆராய்ந்து பார்க்கலாம். அந்தக் கோட்டை இயற்கையே கிழித்ததாகப் பலரும் நம்புகிறோம். வரலாறு என்ன சொல்கிறது?

வீரத்தின் அடையாளம்

பூவென்றால் பெண், பெண்ணென்றால் பூ என்று எண்ணுவது இன்றைய வழக்கம். ஓர் ஆடவன் தலையில் மல்லிகைச் சரத்தைச் சூடிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால் ஊரே கூடிச் சிரிக்கும். ஆனால் நம் முன்னோரின் தமிழகத்தில் பூச்சூடாத வீரனே இல்லை. பகைவரின் ஆநிரையைக் கவரச் சென்றவன் வெட்சி சூடினான். மீட்கச் சென்றவன் கரந்தை சூடினான். மண்ணாசையால் படையெடுத்தவனுக்கு வஞ்சி. எதிர்த்து நின்றவனுக்குக் காஞ்சி. மதிலை முற்றுகையிட்டவன் உழிஞையும், மதிலைக் காத்தவன் நொச்சியும் சூடினர். நேருக்கு நேர் பொருதவர்க்குத் தும்பை, வென்றவனுக்கு வாகை. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று முடியுடை மூவேந்தரும் பூவாலேயே அடையாளம் காணப்பட்டனர். வெற்றி பெற்றவரை ‘வாகை சூடினார்’ என்று இன்றும் நாம் எழுதுகிறோம். சொல் தங்கிவிட்டது, ஆணின் தலையிலிருந்து பூ மட்டும் இறங்கிவிட்டது.

அக்காலப் பெண்களும் பூச்சூடினர். ஆயின் பூ பெண்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. போர்க்களத்தின் பெருமை எதனோடு சேர்ந்திருந்ததோ, அது ஆணுக்கும் அழகாயிற்று. போர்முறை மாறிற்று, வேந்தர் மறைந்தனர், குடுமி போய்க் கிராப்பு வந்தது. அதன்பின் பூவும் பெண்களின் கூந்தலோடு ஒதுங்கிக்கொண்டது. ஆணின் இயல்பு மாறியதால் நேர்ந்த மாற்றமா இது? இல்லை. பூவுக்கு ஊர் தந்த பொருள் மாறியது.

இஸ்லாமிய அரசவைகளிலும் இதே காட்சியைக் காண்கிறோம். 1453இல் கான்ஸ்தாந்திநோபிளை வென்ற உதுமானியப் பேரரசர் சுல்தான் இரண்டாம் முஹம்மதுவைத் தீட்டிய புகழ்பெற்ற ஓவியம் ஒன்றில், அவர் கையில் வாள் இல்லை. ஒரு ரோஜாவை முகர்ந்தபடி அவர் அமர்ந்திருக்கிறார். வெற்றி வீரரின் கையில் மலர் இருப்பது அவருடைய பண்பாட்டு உயர்வைக் காட்டுவதாக அன்றைய ஓவியன் கருதினான்.

மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1620இல் காஷ்மீர் சென்றிருந்தபோது, அங்குப் பூத்துக் கிடந்த மலர்களைக் கண்டு வியந்து, தம் அவை ஓவியர் உஸ்தாத் மன்சூரை வரையப் பணித்தார். நூற்றுக்கு மேற்பட்ட மலர்களை மன்சூர் தீட்டியதாகப் பேரரசரே தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். ‘நாதிருல் அஸ்ர்’ - காலத்தின் அரியவர் - என்னும் விருதையும் மன்சூருக்கு அவர் அளித்திருந்தார். அதே காலத்தில் ஸஹீஃபா பானு போன்ற பெண் ஓவியர்களும் இருந்தனர் என்பது கருதத்தக்கது. பூ வரைவது பெண்களின் வேலை என்று அந்த அவையில் எவரும் மன்சூரை எள்ளி நகையாடவில்லை. பேரரசரின் மதிப்பு அந்தத் தூரிகைக்கு இருந்தது. மதிப்பு இருந்த இடத்தில் ஆண்மைக்குக் குறைவு நேரவில்லை.

கூலி சேர்ந்தால் ஆண் வேலை

இனி ஆங்கிலேயரின் நாட்டுக்குச் செல்வோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தாவரவியல் கற்பது மேற்குடிப் பெண்களிடையே பெருவழக்காயிற்று. வீட்டை விட்டு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் உலாவிப் பூப்பறித்து, உலர்த்தி, படம் வரையலாம். எனவே அது பெண்மைக்கு இசைந்த கலையாகக் கருதப்பட்டது. ஆனால் அங்கும் ஒரு சிக்கல் எழுந்தது. லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் செடிகளை அவற்றின் மகரந்தத் தாள்களையும் சூலகத்தையும் எண்ணி வகுத்திருந்தார். இதைக் கற்பது பெண்களின் நாணத்துக்கு ஊறு செய்யும் என்று சிலர் கூக்குரலிட்டனர். 1798இல் ரிச்சர்டு போல்வீல் என்னும் பாதிரியார், அறிவுத்துறையில் இறங்கிய பெண்களைப் பெண்மை இழந்தவர்கள் என்று பழித்து ஒரு நெடும்பாடலே எழுதினார். பூவைப் பறித்தால் பெண்மை. பூவின் உள்ளுறுப்பை எண்ணினால் பெண்மை போயிற்று! கோடு எவ்வளவு மெல்லியது என்பதைப் பாருங்கள்.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் சுவையானது. தாவரவியல் பல்கலைக்கழகப் பாடமாகி, அதற்குப் பேராசிரியர் பதவிகளும் ஊதியமும் ஏற்பட்டன. 1829இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் தம் முதல் பேருரையை நிகழ்த்திய ஜான் லிண்ட்லி, இத்துறை சீமாட்டிகளின் பொழுதுபோக்கு என்னும் நிலையிலிருந்து மீட்கப்பட்டு, அறிவுடைய ஆடவர் ஈடுபடத்தக்கதாக ஆகவேண்டும் என்னும் கருத்தை வெளியிட்டார். அதற்குப் பின்னும் ஐயம் தீரவில்லை. 1887இல் அமெரிக்காவின் ‘சயன்ஸ்’ இதழில், தாவரவியல் இளைஞர்களுக்கு ஏற்ற படிப்புத்தானா என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டு ஒரு கட்டுரை வெளிவந்தது. பூவை ஆராயும் இளைஞனை ஆண்மை குறைந்தவனாக உலகம் எண்ணிவிடுமோ என்ற அச்சத்தைப் போக்க, அது ஆண்களுக்கும் உகந்ததே என்று வாதாட வேண்டியிருந்தது!

தமிழகத்தில் வாகை சூடிய வீரனும், காஷ்மீரத்தில் மலர் வரைந்த மன்சூரும் இந்தக் கட்டுரையைப் படித்திருந்தால் திகைத்துப் போயிருப்பார்கள்.

இங்கே ஓர் உண்மை தெளிவாகிறது. ஆண், பெண் என்னும் படைப்பு இறைவனுடையது, அதில் ஐயமில்லை. ஆனால் இந்தச் செயல் ஆணுக்கு, இந்தச் செயல் பெண்ணுக்கு என்று ஊர் கிழிக்கும் கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. பெருமையும் பொருளும் எங்கே நகர்கின்றனவோ, அந்தக் கோடும் அங்கே நகர்கிறது.

இதைக் காண நாம் இங்கிலாந்துக்குப் போக வேண்டுவதில்லை. நம் வீட்டு விருந்துக்குச் சென்றாலே போதும். வீட்டின் அடுப்பங்கரை பெண்களின் உலகம் என்று சொல்லப்படுகிறது. மகன் ஒருவன் அங்கே நுழைந்து கரண்டியைப் பிடித்தால், “ஆம்பிளைப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?” என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். ஆனால் நிக்காஹ் விருந்துக்குப் பெரிய தேக்சாக்களில் பிரியாணி ஆக்குபவர் யார்? ஆண்களான பண்டாரிமார்களே. ஊரில் ஆடை தைக்கும் கடைகளில் நெடுங்காலம் அமர்ந்திருந்தவர்களும் ஆண்களே. வீட்டில் கிழிந்ததைத் தைக்கும் ஊசி மட்டும் பெண்ணின் கையில். கூலியும் பெயரும் கிடைத்தால் அது ஆண் வேலை. இரண்டும் இல்லாவிட்டால் அது பெண்ணின் இயல்பு! அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபடுவார்கள், தம் செருப்பையும் துணியையும் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் பயானில் கேட்டு மகிழ்கிறோம். கேட்டுவிட்டு வீடு திரும்பியதும் உண்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுகிறோம்.

1897ஆம் ஆண்டு

செண்பகனூர்க் கல்லூரி தொடங்கிய இரண்டாம் ஆண்டில் இலண்டனில் நிகழ்ந்த ஒரு செய்தியைக் கூறவேண்டும். பியாட்ரிக்ஸ் பாட்டர் என்னும் பெண்மணி காளான்களை நுணுகி ஆராய்ந்து, அவற்றின் வித்துகள் முளைப்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1897 ஏப்ரலில் லின்னேயன் கழகத்தில் அது வைக்கப்பட்டபோது, எழுதியவர் அவைக்குள் இல்லை. அக்கழகத்தின் கூட்டங்களில் பெண்கள் கலந்துகொள்ள அன்று இடமில்லை. அவருக்காக வேறொருவரே அதை அங்கே முன்வைத்தார். காளானை விட்டு முயல்குட்டிக் கதைகளை எழுதிப் படம் வரைந்த பின்னரே பாட்டரை உலகம் கொண்டாடியது. குழந்தைகளுக்குக் கதை சொல்வது பெண்ணுக்கு அழகு என்பதில் எவருக்கும் மறுப்பில்லையன்றோ! லின்னேயன் கழகம் பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது 1904ஆம் ஆண்டின் இறுதியில்தான். அதே கழகம் பாட்டர் நடத்தப்பட்ட முறைக்கு 1997இல் வருத்தம் தெரிவித்தது. இடையில் ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது.

அதே 1897இல் மலையாளக் கரையிலுள்ள தலைச்சேரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர்தாம் ஜானகி அம்மாள். அவருடைய உடன்பிறந்த பெண்கள் அக்கால வழக்கப்படி திருமணம் செய்துகொள்ள, அவர் படிப்பையே தேர்ந்துகொண்டார். எந்த மாநிலக் கல்லூரியில் போர்னும் ஃபைசனும் பேராசிரியர்களாயிருந்தார்களோ, அதே கல்லூரியில் 1921இல் தாவரவியல் சிறப்புப் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழகம் 1931இல் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் அளித்தது. கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார்; பின்னர் இங்கிலாந்து சென்றார். டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து அவர் எழுதி 1945இல் வெளியான, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கை பற்றிய நூலில், இருவர் பெயரும் ஆசிரியர்களாக இடம்பெற்றன. லேடி போர்னுக்குக் கிட்டாதது ஜானகி அம்மாளுக்குக் கிட்டிற்று.

இங்கிலாந்தில் விஸ்லி என்னுமிடத்துத் தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத்தில் அவர் ஆராய்ந்த செடிகளுள் மக்னோலியாவும் ஒன்று. நம் செண்பகம் மக்னோலியாக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அவர் ஆராய்ச்சியின் நினைவாக மக்னோலியா வகை ஒன்று ‘ஜானகி அம்மாள்’ என்ற பெயரையே ஏற்றது. வெள்ளையர் நாட்டுத் தோட்டத்தில் நம் நாட்டுப் பெண்ணின் பெயரால் ஒரு பூ மலர்கிறது. பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1984இல் மறைந்தார்.

ஜானகி அம்மாள் வென்றார் என்பதால் வழி திறந்துவிட்டது என்று எண்ணலாகாது. செண்பகனூர் மலையில் செடி திரட்டிய போர்ன் பெருமகனார், 1915 முதல் 1921 வரை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராயிருந்தார். 1933இல் அதே கழகத்தின் வாயிலில் கமலா பாகவத் என்னும் மாணவி வந்து நின்றார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சிறப்பாகத் தேறியிருந்தும், அவர் பெண் என்ற காரணத்தால் அன்றைய இயக்குநர் சர் சி. வி. ராமன் இடம் தர மறுத்தார். கமலா பின்வாங்கவில்லை; இடம் பெறும்வரை அகலமாட்டேன் என்று உறுதியாக நின்றார். ஓராண்டுச் சோதனைக் காலம் என்னும் நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ளப்பட்டார். கமலா சோஹோனி என்று பின்னர் அறியப்பட்ட அவர், 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். ஒளியின் சிதறலை உலகுக்கு விளக்கிய பேரறிஞரின் கண்ணையே ஊர் வழக்கம் மறைத்தது என்றால், சாதாரண மக்களாகிய நம் நிலை என்ன?

நம்மவர் கைப்பேனா

தமிழ் முஸ்லிம்களாகிய நம் இலக்கிய வரலாற்றிலும் இக்கோட்டைத் தாண்டியவர்கள் உண்டு. மெய்ஞ்ஞானத்தைப் பாடுவது ஞானியரான ஆண்களின் பணி என்றிருந்த காலத்தில், கீழக்கரை செய்யிது ஆசியா உம்மாவும், தென்காசி ரசூல் பீவியும், இளையான்குடி கச்சிப் பிள்ளையம்மாளும் ஞானப் பாடல்களை இயற்றினர். தாலாட்டும் ஒப்பாரியும் பெண்ணின் பாட்டு என்று ஊர் ஒதுக்கித் தந்த எல்லைக்குள் இவர்கள் அடங்கவில்லை. ஆயினும் உமறுப் புலவரையும் குணங்குடியாரையும் அறிந்த நம் வீடுகளில், இம்மூவர் பெயரையும் ஒருங்கே அறிந்தோர் எத்தனை பேர்?

நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரையே படித்தவர். 1938இல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார். தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை அளித்துச் சிறப்பித்தார். அந்தக் காலத்தில் ஒரு முஸ்லிம் பெண் நாவல் எழுதுவதென்பது எளிய செயலன்று. பேனா பிடிப்பதால் பெண்மை குன்றிவிடும் என்று அஞ்சியவர்களுக்கு, அவருடைய எழுத்தே மறுமொழியாயிற்று.

மார்க்கமும் ஊர் வழக்கமும்

இங்கே நம் பெரியவர்கள் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். “ஆண் பெண்ணைப் போலவும், பெண் ஆணைப் போலவும் ஒப்பனை செய்துகொள்வதை நபிமொழி கண்டித்துள்ளதே! எல்லாம் ஊர் வழக்கமே என்று நீங்கள் எழுதலாமா?” நியாயமான கேள்வி. இதற்கு விடையையும் நம் இமாம்களிடமே காண்கிறோம். ஹிஜ்ரி 852இல் (கி.பி. 1449) மறைந்த இப்னு ஹஜர் அல்அஸ்கலானி, ஸஹீஹுல் புகாரிக்கு எழுதிய விரிவுரையில் இந்த நபிமொழியை விளக்குமிடத்து, உடையின் தோற்றம் ஒவ்வொரு நாட்டு வழக்கத்துக்கும் ஏற்ப வேறுபடும் என்று குறித்துள்ளார். ஆணுக்குரிய உடை எது, பெண்ணுக்குரிய உடை எது என்பது நாட்டுக்கு நாடு மாறக்கூடியது என்பதை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் உணர்ந்திருந்தார். வேறுபாடு பேணுக என்பது மார்க்கம். அந்த வேறுபாட்டின் வடிவம் பெரிதும் வழக்கத்தைச் சார்ந்தது.

நம் வாழ்விலேயே இதற்குச் சான்றுகள் உள்ளன. கண்ணுக்கு மை தீட்டுவது பெண்களின் ஒப்பனை என்று நம் அண்டை வீட்டார் கருதுகின்றனர். நம் வீட்டு முதியவர்களோ சுன்னத்தெனக் கருதிச் சுர்மா இட்டுக்கொள்கின்றனர். காதில் கடுக்கன் அணிவது அவர்கள் வீட்டுப் பாட்டனார்களுக்குப் பெருமையாக இருந்தது. நம் ஆண்களுக்கு அது வழக்கமில்லை. நாம் இயல்பாக உடுத்தும் கைலியைப் பாவாடை என்று நினைத்து வியந்த மேல்நாட்டார் உண்டு. உர்து பேசும் குடும்பங்களில், மணநாளன்று மாப்பிள்ளையின் முகத்தை மறைக்கும்படி ‘சேரா’ என்னும் பூச்சரத்தைத் தொங்கவிடுகின்றனர். அன்று அது அழகு. மறுநாள் அதே பூவை அவன் சூடினால் நகைப்பு. ஒரே இரவில் அவனுடைய ஆண்மை மாறிவிட்டதா என்ன?

இன்னொன்றையும் நாம் மறைக்காமல் எழுத வேண்டும். பிறவியிலேயே நடையும் குரலும் ஊர் எதிர்பார்க்கும் வண்ணம் அமையாதவர்களும் உண்டு. ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவி, ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில், வேண்டுமென்றே பாவனை செய்பவரையும், படைப்பிலேயே அவ்வாறு அமைந்தவரையும் வேறு பிரித்து, பின்னவர் மீது பழியோ குற்றமோ இல்லை என்று எழுதியுள்ளார். இப்னு ஹஜரும் நவவியும் நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபின் தூண்கள். தமிழ்நாடு அரசு 2008இல் திருநங்கையருக்கென நல வாரியம் அமைத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அவர்களின் உரிமையை உறுதி செய்தது. அந்த இமாம் வகுத்த வேறுபாட்டை மனத்தில் கொண்டிருந்தால், ஊர்த் தெருக்களில் எத்தனையோ பிள்ளைகள் கல்லெறிக்கும் கேலிக்கும் ஆளாகியிருக்க மாட்டார்கள்.

எதை இழக்கிறோம்?

“ஊரோடு ஒத்து வாழ்” என்பது பழமொழி. ஊர் வழக்கத்தை முற்றும் உதறிவிட்டு ஒரு குடும்பம் வாழ முடியாது என்பதை நாம் அறிவோம். வழக்கங்கள் வாழ்வுக்கு ஒழுங்கு தருகின்றன. பிள்ளைகளுக்கு அடையாளம் தருகின்றன. ஆனால் வழக்கத்தை வழக்கம் என்று அறிந்து பின்பற்றுவது வேறு. அதையே படைப்பின் விதி என்று நம்பிப் பிள்ளைகளின் கையைக் கட்டுவது வேறு.

கட்டிய கைகளின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. ஜானகி அம்மாளை நாம் அறிகிறோம். அவரைப் போன்று படிக்க விரும்பி, பருவம் எய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண்களின் பெயரை யார் அறிவார்? ஆண் பிள்ளைகளும் இதில் தப்பவில்லை. படம் வரையும் விருப்பமுடைய மகனை, “பொம்பளை மாதிரி என்னடா இது?” என்று ஒரு சொல்லால் தைத்துவிடுகிறோம். துயரத்தில் அழும் சிறுவனிடம், ஆண்பிள்ளை அழக்கூடாது என்கிறோம். தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது அண்ணலார் (ஸல்) அவர்களின் கண்கள் கண்ணீர் சொரிந்தன. அது இரக்கத்தின் அடையாளம் என்றும் அவர்கள் விளக்கினார்கள். அந்தக் கண்ணீரைவிடவா நம் வீட்டுச் சிறுவனின் கண்ணீர் ஆண்மைக்கு இழுக்கு?

பிள்ளைகளைத் தடுக்கும் முன் பெற்றோர் ஒரு கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நல்லது: “இதைத் தடுப்பது மார்க்கமா, அல்லது நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சமா?” மார்க்கம் என்றால் அதை அறிந்தோரிடம் கேட்டுத் தெளியலாம். நாலு பேரின் பேச்சு என்றால், அந்த நாலு பேரும் அவர்களுடைய பாட்டனார் காலத்தில் வேறொன்றைப் பேசியவர்களே என்பதை வரலாறு நமக்குக் காட்டிவிட்டது. பெண் படித்தால் கெட்டுவிடுவாள் என்று அன்று பேசிய அதே திண்ணைகளில், இன்று மருமகள் பட்டதாரியா என்று விசாரிக்கிறார்கள்.

பழனி மலையில் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. 2018இல் பூத்தது, இனி 2030இல் பூக்கும் என எதிர்பார்க்கலாம். அப்போது மலையேறும் நம் குடும்பங்களில், மகளும் மகனும் ஒரே பூவின் முன் நின்று பார்ப்பார்கள். அதை வரைய விரும்பும் பிள்ளையிடம் தாளையும் தூரிகையையும் தருவோம். அது என்ன குடும்பத்துச் செடி என்று கேட்கும் பிள்ளைக்குப் புத்தகத்தைத் தருவோம். எந்தப் பிள்ளை எதைக் கேட்கும் என்பதை முன்கூட்டியே நாம் முடிவு செய்யவேண்டாம்.